முகவரியை மறைத்த மொழி: ஜாவாவின் ரெஃபரன்ஸும் அணியும் உருவான வரலாறு

ஜாவா நிரல்மொழியில் எழுதப்படும் எந்த நிரலிலும், மதிப்பைத் தாங்கும் பெயரிட்ட இடமாகிய மாறிக்குள் இரண்டே வகையானவைதாம் இருக்க முடியும். ஒன்று, முழுஎண், பின்ன எண், எழுத்து, மெய்-பொய் முதலிய எட்டு அடிப்படை வகைகளுள் ஒன்றைச் சேர்ந்த நேரடி மதிப்பு. மற்றொன்று, நினைவகத்தில் வேறோரிடத்தில் இருக்கும் ஆப்ஜெக்ட் ஒன்றைச் சுட்டிநிற்கும் ரெஃபரன்ஸ். ஒரே வகை மதிப்புகள் பலவற்றை வரிசை எண் கொடுத்து அடுக்கிவைக்கும் அணி இவற்றுள் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அணியின் பெயரைத் தாங்கிய மாறிக்குள் அணி இருப்பதில்லை, அது இருக்குமிடத்தைச் சுட்டும் ரெஃபரன்ஸ் மட்டுமே இருக்கிறது. 1996 ஜனவரி 23 அன்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் பதிப்பு தொட்டு இந்த ஏற்பாடு மாறவில்லை என்றாலும், இதன் உறுப்புகளுள் பெரும்பாலானவை ஜாவாவுக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் மூத்தவை. கருத்தில் ஜாவா லிஸ்ப், சிமுலா ஆகிய மொழிகளின் வாரிசு. எழுதும் முறையில் சி மொழியின் வாரிசு. இவ்விரு மரபுகளும் கலந்த இடத்தில் ஒரே குறியீடு இருவேறு வேலைகளைச் சுமக்க நேர்ந்தது. மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தடுமாறும் இடமும் அதுவேயாகையால், அந்தக் கலப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிவது வெறும் பழங்கதை அறிவு ஆகாது.

ரெஃபரன்ஸ், அணி இரண்டில் மூத்தது அணியே. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு 704 கணினிக்காக உருவாக்கி 1957-இல் வழங்கிய ஃபோர்ட்ரான், அறிவியல் கணக்கீட்டுக்காகவே பிறந்த மொழியாதலால், மூன்று பரிமாணம் வரையிலான அணிகளை முதற்பதிப்பிலேயே கொண்டிருந்தது. அங்கே அணி என்பது நினைவகத்தில் அடுத்தடுத்து ஒதுக்கப்பட்ட இடங்களின் தொகுதி. அதன் அளவு நிரல் எழுதும்போதே முடிவாகிவிடும். வரிசை எண்ணைக் கொடுத்தால் கணினி ஒரு கூட்டலில் உரிய இடத்தை அடையும். அந்த எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது நிரலாளரின் பொறுப்பாக விடப்பட்டது.

அதே 704 கணினியில்தான், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஜான் மெக்கார்த்தி 1958-இல் லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். அங்கே தரவுகள் அடுத்தடுத்து அடுக்கப்படவில்லை. ஒவ்வொரு சிறு கலமும் வேறு இரண்டின் முகவரிகளைத் தாங்கியிருக்க, முகவரியைப் பற்றிக்கொண்டே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வகையில் அவை பின்னப்பட்டிருந்தன. இம்முறையில் எந்தக் கலம் இனித் தேவைப்படும், எது தேவைப்படாது என்று நிரலாளர் கணக்கு வைத்திருப்பது இயலாத காரியம் என்பதை உணர்ந்த மெக்கார்த்தி, எந்த வழியாகவும் எட்ட முடியாமற்போன கலங்களைக் கணினியே தேடிப்பிடித்து மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முறையை 1960-இல் வெளியான தம் கட்டுரையில் விளக்கினார். கார்பேஜ் கலெக்ஷன் என்று இன்று அறியப்படும் அந்த முறை இல்லாமல் ஜாவாவின் ரெஃபரன்ஸ் நிற்க முடியாது.

இங்கிலாந்தில் எலியட் நிறுவனத்துக்காக ஆல்கால் 60 மொழியின் தொகுப்பியை, அதாவது நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கருவியை, உருவாக்கிய டோனி ஹோர் இந்த வரலாற்றில் இரண்டு இடங்களில் நிற்கிறார். அணியின் வரிசை எண் எல்லைக்குள் உள்ளதா என்பதை நிரல் ஓடும்போது ஒவ்வொரு முறையும் சோதிக்கும் ஏற்பாட்டை அவர் அந்தத் தொகுப்பியில் வைத்தார். வேகத்தின் பொருட்டு இச்சோதனையை நிறுத்திவைக்கும் வசதி வேண்டுமா என்று பின்னர் வாடிக்கையாளர்களைக் கேட்டபோது, வேண்டாம் என்பதே ஒருமித்த விடையாக வந்ததென்று 1980-ஆம் ஆண்டின் டூரிங் விருதுச் சொற்பொழிவில் அவர் பதிவு செய்திருக்கிறார். அவருடைய இரண்டாவது பங்களிப்பு 1965-ஐச் சேர்ந்தது. பதிவுகளைக் கையாளும் முறை பற்றி அவ்வாண்டு முன்வைத்த திட்டத்தில், வகை குறிக்கப்பட்ட ரெஃபரன்ஸ் என்னும் கருத்தை அவர் வகுத்தார். ஒரு ரெஃபரன்ஸ் இன்ன வகைப் பதிவை மட்டுமே சுட்டலாம் என்பதைத் தொகுப்பி முன்கூட்டியே சரிபார்க்கும். ஆனால் எதையும் சுட்டாத வெற்று ரெஃபரன்ஸாகிய ‘நல்’ என்பதையும் அவர் அதனுடன் சேர்த்தார். 2009-இல் லண்டன் மாநாடு ஒன்றில் அதைத் தம்முடைய பில்லியன் டாலர் தவறு என்று அவரே வருந்திச் சொன்னது பலரும் அறிந்தது. முந்திய பங்களிப்பு அதே அளவு நினைவுகூரப்படாமற்போனது வருத்தத்துக்குரியது. ஏனெனில் ஜாவாவின் அணி இன்று பாதுகாப்பாக இருப்பது அந்த எல்லைச் சோதனை மரபினால்தான்.

ஹோரின் கருத்தை முழு மொழியாக வளர்த்தெடுத்தவர்கள் ஆஸ்லோவில் இருந்த நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டரின் ஓலே-யோஹான் தாலும் கிறிஸ்டன் நைகார்டும் ஆவர். அவர்கள் உருவாக்கிய சிமுலா 67 வகுப்பு, ஆப்ஜெக்ட் ஆகியவற்றைத் தந்த மொழி என்றே பாடநூல்களில் பேசப்படுகிறது. ஆனால் ரெஃபரன்ஸின் வரலாற்றில் அதன் குறியீட்டு ஒழுங்கு அதைவிடக் கவனத்துக்குரியது. ஒரு மாறியில் மதிப்பை இடுவதற்கு சிமுலா := என்னும் குறியைப் பயன்படுத்தியது; ஓர் ஆப்ஜெக்டைச் சுட்டும்படி ரெஃபரன்ஸை அமைப்பதற்கு :- என்னும் வேறொரு குறியைக் கட்டாயமாக்கியது. ஒப்பிடும்போதும் இதே வேறுபாடு காக்கப்பட்டது. இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்பதற்கு = என்றும், இரண்டு ரெஃபரன்ஸ்கள் ஒரே ஆப்ஜெக்டைச் சுட்டுகின்றனவா என்று கேட்பதற்கு == என்றும் எழுத வேண்டும். நிரலைப் படிப்பவர் மாறி எங்கே அறிவிக்கப்பட்டது என்று தேடிப் போகாமலேயே, இவ்வரியில் மதிப்பு நகலாகிறதா, சுட்டுதல் மட்டும் நகலாகிறதா என்பதைக் கண்ணால் கண்டுகொள்ளலாம். நிரல்மொழிகளின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான ஏற்பாடு அரிது. இது பின்வந்த மொழிகளில் பரவாமற்போனது ஓர் இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

அது பரவாததற்குப் பெருங்காரணம், உலகம் எழுதக் கற்றது சிமுலாவின் வழியில் அல்லாமல் சி மொழியின் வழியில் என்பதே. சி-யின் முன்னோடியாகிய பி மொழியை பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் அமைத்தபோது, பத்து இடங்கள் கொண்ட அணியை அறிவித்தால் இரண்டு காரியங்கள் நடந்தன. பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றின் தொடக்க முகவரியைத் தாங்கும் தனிக் கலம் ஒன்றும் உருவானது. அணியின் பெயர் அந்தக் கலத்தையே குறித்தது. ஆகவே அதை வேறொரு மாறிக்குக் கொடுத்தால் முகவரி மட்டுமே நகலானது. இவ்வகையில் 1970-ஐ ஒட்டிய பி மொழியின் அணி, அதற்குப் பின் வந்த சி-யின் அணியைக் காட்டிலும் ஜாவாவின் அணிக்கு நெருக்கமானது. டென்னிஸ் ரிட்சி பி-யை விரித்து சி-யை உருவாக்கியபோது இந்த ஏற்பாடு ஒரு தடையைச் சந்தித்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கோப்பகப் பதிவு ஓர் எண்ணையும் 14 எழுத்துகள் கொண்ட பெயரையும் அடுத்தடுத்துத் தாங்கியது. அதை அப்படியே நினைவகத்தில் விவரிக்க ஒரு வகை தேவைப்பட்டபோது, நடுவே மறைந்து நிற்கும் முகவரிக் கலத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கலத்தை அடியோடு நீக்கிவிட்டு, அணியின் பெயர் எடுத்தாளப்படும்போதெல்லாம் அது முதல் உறுப்பின் முகவரியாக மாறும் என்னும் விதியை ரிட்சி வகுத்தார். நினைவகத்தின் உண்மையான அமைப்பை நிரலாளர் கையில் கொடுத்த அந்த முடிவு இயங்குதளம் எழுதுவோருக்குப் பெரும் ஆற்றலைத் தந்தது.

அதற்குச் செலுத்திய விலையும் பெரிது. பெயர் முதல் உறுப்பின் முகவரியாகத் தேய்ந்துவிட்டதால், அணியின் நீளம் அதனுடன் பயணிப்பதில்லை. ஒரு செயற்கூறுக்கு அணியைக் கொடுத்தால், எத்தனை உறுப்புகள் உள்ளன என்பதைத் தனியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ தவறாகச் சொன்னாலோ, அணிக்கு அப்பாலுள்ள நினைவகமும் தடையின்றி எழுதப்படும். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு, பயனர் விவரம் தரும் சேவை நிரலொன்றில் இருந்த 512 பைட் அளவுள்ள எழுத்து அணிக்குள் அதைவிட நீண்ட தரவைச் செலுத்தி, அப்பால் இருந்த திரும்பு முகவரியை மாற்றி எழுதியும் கணினிகளுக்குள் நுழைந்தது. எல்லை பார்க்காத அணியின் விளைவை உலகம் பரவலாக உணர்ந்த முதல் நிகழ்ச்சி அது.

1991-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் கிரீன் திட்டத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் புதிய மொழி ஒன்றை வகுக்கத் தொடங்கியபோது, வீட்டுச் சாதனங்களில் ஓடும் நிரல்களே குறிக்கோளாக இருந்தன. ஓக் என்று முதலில் பெயர் பெற்ற அம்மொழி 1995-இல் ஜாவா என்று வெளிவந்தபோது, முன்பின் அறியாத தளத்திலிருந்து இறங்கும் நிரலைப் பயனர் கணினியில் ஓடவிடுவது புதிய குறிக்கோளாயிற்று. இரண்டுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொடக் கூடாது. முகவரியோடு எண்ணைக் கூட்டவும், எண்ணை முகவரியாக மாற்றவும் இடமளிக்கும் மொழியில் அத்தகைய உறுதியைத் தர இயலாது. ஆகவே காஸ்லிங் முகவரியைக் கண்ணிலிருந்து மறைத்து, சுட்டுதலை மட்டும் வைத்துக்கொண்டார். ஜாவாவின் ரெஃபரன்ஸை நகலெடுக்கலாம், ஒப்பிடலாம், அதன் வழியே ஆப்ஜெக்டை அடையலாம். அதன் எண்மதிப்பைப் பார்க்கவோ அதில் ஒன்றைக் கூட்டவோ முடியாது. அணியும் முழு ஆப்ஜெக்டாக்கப்பட்டு, தன் நீளத்தைத் தானே சுமந்தது. ஒவ்வொரு வரிசை எண்ணும் பூச்சியத்துக்கும் நீளத்துக்கும் இடையில் இருக்கிறதா என்று சோதிக்கப்பட்டு, மீறினால் நிரல் பிழையறிவிப்புடன் நிறுத்தப்பட்டது. கருத்தளவில் இவை சிமுலாவும் எலியட் ஆல்காலும் கண்ட வழிகள். ஆனால் சி, சி++ நிரலாளர்களை ஈர்க்க வேண்டியிருந்ததால், குறியீடுகள் பெரும்பாலும் சி-யிலிருந்து எடுக்கப்பட்டன. மதிப்பை இடுவதற்கும் ரெஃபரன்ஸை இடுவதற்கும் ஒரே = குறி; மதிப்பை ஒப்பிடுவதற்கும் ரெஃபரன்ஸை ஒப்பிடுவதற்கும் ஒரே == குறி.

விளைவை ஓர் எளிய நிரலில் காணலாம். 10, 20, 30 என்னும் மூன்று எண்கள் கொண்ட அணி உருவாக்கப்பட்டு அதன் ரெஃபரன்ஸ் ‘மூலம்’ என்னும் மாறியில் இடப்படுகிறது என்று கொள்வோம். அடுத்த வரியில் ‘படி’ என்னும் மாறிக்கு = குறியால் ‘மூலம்’ கொடுக்கப்பட்டால், புதிய அணி எதுவும் உருவாவதில்லை. வீட்டுப் பத்திரத்தை நகலெடுப்பதால் வீடு இரண்டாகிவிடாதது போல, சுட்டும் மாறிகள் இரண்டாகின்றன, அணி ஒன்றாகவே இருக்கிறது. இப்போது ‘படி’யின் முதல் உறுப்பில் 99 எழுதினால், ‘மூலம்’ வழியாகப் பார்த்தாலும் 99 தான் தெரியும். மாறாக, அதே மூன்று எண்களைக் கொண்டு தனியாக இன்னோர் அணியை உருவாக்கி == குறியால் ஒப்பிட்டால், எண்கள் அனைத்தும் ஒத்திருந்தும் விடை பொய் என்றே வரும்; சிமுலாவில் அக்குறி கேட்ட கேள்வியைத்தான் அது இங்கும் கேட்கிறது. உள்ளடக்கத்தை ஒப்பிடுவதற்கென்றே அமைந்த செயற்கூறுகள் 1998-இல் வந்த 1.2 பதிப்பின் ‘அரேஸ்’ வகுப்பில்தான் சேர்க்கப்பட்டன.

ஆப்ஜெக்டுகளின் அணியில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. முழுஎண்களுக்கு 40 இடங்கள் கொண்ட அணியை உருவாக்கினால் 40 பூச்சியங்கள் கிடைக்கும். ‘மாணவர்’ என்னும் வகுப்புக்கு 40 இடங்கள் கொண்ட அணியை உருவாக்கினால் ஒரு மாணவர்கூடக் கிடைப்பதில்லை. எதையும் சுட்டாத 40 நல் ரெஃபரன்ஸ்களே கிடைக்கும். அவற்றுள் ஒன்றிடம் பெயரைக் கேட்ட கணத்தில் நல்பாயிண்டர் எக்செப்ஷன் எழும். தொடக்கநிலை மாணவர் பலரும் முதலில் சந்திக்கும் பிழை இதுவே. இருபரிமாண அணியும் இவ்வாறே ரெஃபரன்ஸ்களால் ஆனது. மூன்று வரிசையும் நான்கு நெடுவரிசையும் கொண்ட அட்டவணை ஜாவாவில் ஒரே தொகுதி அன்று; மூன்று ரெஃபரன்ஸ்களைத் தாங்கும் வெளியணி ஒன்றும், நான்கு எண்கள் வீதம் தாங்கும் உள்ளணிகள் மூன்றும் ஆக நான்கு ஆப்ஜெக்டுகள். அதனால் வரிசைகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கலாம். வெளியணியை மட்டும் நகலெடுத்தால் உள்ளணிகள் இரு நகல்களுக்கும் பொதுவாகவே இருக்கும்.

செயற்கூறுக்கு அணியை அனுப்பும்போது நிகழ்வதும் ரெஃபரன்ஸின் நகலெடுப்பே. செயற்கூறு உறுப்புகளை மாற்றினால் அழைத்தவர் அதைக் காண்பார். தன் மாறிக்கு வேறோர் அணியைக் கொடுத்துக்கொண்டால் காணமாட்டார். 1970-களில் பார்பரா லிஸ்கோவ் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கிய சி.எல்.யு. மொழியின் ஆவணங்கள் இந்த முறையைப் பகிர்வு வழி அழைப்பு என்று வகுத்துச் சொல்லியிருந்தன. ஜாவா மதிப்பை அனுப்புகிறதா, ரெஃபரன்ஸை அனுப்புகிறதா என்று வகுப்பறைகளில் நீளும் வாதங்கள், லிஸ்கோவின் வரையறையை எடுத்துக்கொண்டிருந்தால் தேவைப்பட்டே இருக்கமாட்டா.

ஜாவாவின் வடிவமைப்பில் உண்மையாகவே குறை காணத்தக்க இடம் வேறு. சரங்களின் அணியைப் பொதுவான ஆப்ஜெக்டுகளின் அணியாகவும் நடத்தலாம் என்று முதற்பதிப்பு அனுமதித்தது. எந்த வகை ஆப்ஜெக்டுகளின் அணிக்கும் பொதுவான செயற்கூறுகளை எழுத, வகையையே அளபுருவாக ஏற்கும் ஜெனரிக்ஸ் வசதி அன்று இல்லாததால், வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அவ்வாறு நடத்தப்படும் அணிக்குள் எண் ஆப்ஜெக்ட் ஒன்றை எழுத முயன்றால், தொகுப்பி அதை ஏற்றுக்கொண்டாலும், ஓடும்போது அணி தன் உண்மையான உறுப்பு வகையை நினைவில் வைத்திருந்து ‘அரேஸ்டோர் எக்செப்ஷன்’ என்னும் பிழையை எழுப்பும். இத்தகைய அணிகளில் ஒவ்வோர் ஆப்ஜெக்டை எழுதும்போதும் இந்தச் சோதனைக்கு இயந்திரம் ஆயத்தமாக இருக்க வேண்டியதாயிற்று. மார்ட்டின் ஒடர்ஸ்கி, பிலிப் வாட்லர், கிலாட் பிராக்கா, டேவிட் ஸ்டவுட்டமயர் ஆகியோர் 1998-இல் முன்வைத்த ஜி.ஜே. திட்டத்தின் வழியில், 2004-இல் ஜாவா 5 ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தது. ஜெனரிக்ஸ் தன் வகை விவரத்தைத் தொகுப்போடு அழித்துவிடுகிறது. அணியோ ஓடும்போதும் அதைச் சுமக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால், ஜெனரிக் வகையின் அணியை நேரடியாக உருவாக்க மொழி இன்றும் இடம் தருவதில்லை. அணியைவிடப் பட்டியலைத் தேர்ந்துகொள்ளுமாறு ஜாவா நூலாசிரியர் ஜோஷுவா பிளாக் நிரலாளர்களுக்கு அறிவுறுத்தியதற்கு இதுவே முதன்மையான காரணம்.

முகவரியை மறைத்ததன் பயனோ ஆண்டுதோறும் பெருகியது. ஜாவா நிரல்களை ஓட்டும் சன் நிறுவனத்தின் தொடக்ககால இயந்திரங்களில் ரெஃபரன்ஸ் என்பது ஆப்ஜெக்டை நேரே சுட்டாமல், இரண்டு சுட்டிகள் கொண்ட இடைக்கலம் ஒன்றைச் சுட்டியது. 1999-இல் வந்த ஹாட்ஸ்பாட் என்னும் இயந்திரம் அந்த இடைக்கலத்தை நீக்கி நேரே சுட்டியது. பின்னர் 64-பிட் கணினிகள் பரவியபோது, ஆப்ஜெக்டுகள் 8 பைட் எல்லைகளில் அமைவதைப் பயன்படுத்திக்கொண்டு, 32 பிட்டுகளில் சுருக்கிய ரெஃபரன்ஸால் 32 ஜி.பி. நினைவகம் வரை எட்டும் முறை சேர்க்கப்பட்டது. இம்மாற்றங்களுள் எதற்காகவும் எவரும் தம் ஜாவா நிரலில் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. முகவரியை நிரலாளர் கையில் கொடுத்துவிட்ட சி-யில் இது கனவிலும் நடவாது.

மறைக்க முடியாமல் நின்றது செலவு. 64-பிட் ஹாட்ஸ்பாட்டின் வழக்கமான அமைப்பில், ஆயிரம் முழுஎண்களின் அணி 16 பைட் தலைப்புடன் 4,016 பைட் இடம் கொள்கிறது. அதே ஆயிரம் எண்களை ஒவ்வொன்றும் தனி ஆப்ஜெக்டாக வைத்துச் சுட்டினால், ரெஃபரன்ஸ்களுக்கு 4,016 பைட்டும் ஆப்ஜெக்டுகளுக்கு 16,000 பைட்டும் ஆக ஐந்து மடங்கு இடம் பிடிக்கிறது. நினைவகத்தில் சிதறிக் கிடப்பதால் வேகமும் குறைகிறது. ஆப்ஜெக்டுகளையே ரெஃபரன்ஸ் இல்லாமல் அணிக்குள் நெருக்கமாக அடுக்குவதற்கு வழிகாணும் நோக்குடன் வல்ஹல்லா என்னும் திட்டம் 2014-இல் தொடங்கப்பட்டது. ஹோரின் நல் சிக்கலுக்கும் காலம் தாழ்த்தியே மருந்து வந்தது. 2014-இல் ஜாவா 8 ‘ஆப்ஷனல்’ வகுப்பைத் தந்தது. 2020-இல் ஜாவா 14 எந்த மாறி நல்லாக இருந்தது, அணியானால் எந்த உறுப்பு நல்லாக இருந்தது என்பதைப் பிழையறிவிப்பிலேயே சொல்லத் தொடங்கியது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக, ஜாவா கற்கும் ஒவ்வொருவரும் எழுதிய முதல் நிரலின் தொடக்கச் செயற்கூறு சரங்களின் அணி ஒன்றை அளபுருவாகக் கொண்டிருந்தது. அது என்னவென்று பின்னர்ப் பார்க்கலாம் என்று ஆசிரியர்கள் தள்ளிவைத்தனர். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25 அந்த அளபுருவை எழுதாமலேயே நிரலைத் தொடங்க அனுமதிக்கிறது. இந்த வசதியைக் கொண்டு அணியையும் ரெஃபரன்ஸையும் இன்னும் தொலைவுக்குத் தள்ளிவிடாமல், = குறியை அறிமுகப்படுத்தும் அதே பாடத்தில் கரும்பலகையில் இரு மாறிகளும் ஓர் அணியும் வரைந்து அம்புக்குறிகளால் இணைத்துக் காட்டுவதை ஜாவா கற்பிப்போர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.